பிராலினுக்கு ஓர் ஏணி

பையூ மெர்லான், லூசியானா
22 செப்டம்பர் 1986

அன்புத் தம்பி வால்சினுக்கு,

அக்கா யூலாலி எழுதிக்கொள்வது. நான் சுகம். என் இடது முழங்கால் சுகமில்லை. ஆனால் அது எப்போதுமே தனிக்கட்சி. நார்வே குளிர் எப்படி இருக்கிறது? எண்ணெய் மேடையில் வெல்டிங் வேலை செய்பவனைக் கடல்காற்று தூக்கிக்கொண்டு போய்விடாதா? காதை மூடித் தொப்பி போடு. சின்ன வயதில் உனக்குக் காதில் சீழ் வந்தது, நினைவிருக்கட்டும்.

உன் நாய் பிராலினும் சுகம். (‘உன் நாய்’ என்று எழுதுவதற்குள் பேனா இரண்டு முறை நின்றுவிட்டது. மை சரியில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை கிளுவை வாத்து வேட்டைக்குப் போனேன். ஒன்றைச் சுட்டேன். ஆமாம், நான்தான், சிரிக்காதே. பிராலின் குதித்தாள், நீந்தினாள், கவ்வினாள். அதுவரைக்கும் குறையொன்றுமில்லை. அப்புறம் என் படகுக்கு வராமல் நேராக நம் பக்கத்து வீட்டு அர்சின் டூகாவின் படகுக்குப் போனாள்! அவன் ஏதோ கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் அலுமினிய ஏணி ஒன்று வரவழைத்துப் படகின் விலாவில் மாட்டியிருக்கிறான். கல்யாணப் பெண் மாதா கோயில் படியேறுகிற மாதிரி தலையை நிமிர்த்தி ஏறிப்போய், என் கிளுவையை அவன் காலடியில் வைத்தாள். நம் குட்டை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே: நாய் எந்தப் படகில் ஏறுகிறதோ, பறவை அந்தப் படகுக்கு. இதை வகுத்தவனிடம் நல்ல நாய் இருந்திருக்கும்.

அங்கிருந்து கத்துகிறான்: “யூலாலி! உன் நாய்க்கு எந்தப் படகு நல்ல படகுன்னு தெரிஞ்சுபோச்சு. நீ எப்ப வரப்போறே?”

“நீச்சல் மட்டும் தெரிஞ்சிருந்தா இந்நேரம் வந்திருப்பேன்டா, உன் தலையில ஏறி மிதிக்க!” என்றேன்.

அவன் மனைவி செத்து மூன்று வருடமாகிறது. வேட்டைக்குக்கூட சென்ட் போட்டுக்கொண்டு வருகிறான். கொசுவுக்காம்.

அன்றைக்கு நாலு பறவை, நாலும் அவன் படகுக்கு. மாலையில் அவற்றைக் கம்போ குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினான். நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிராலினுக்கும் எட்டு வயதாகிவிட்டது, இடுப்பில் வலி. முன்னங்காலைப் படகின் விளிம்பில் வைத்தால் நீ பிடரியைப் பிடித்து ஒரே கையால் தூக்கிவிடுவாய். நான் முயன்றபோது தோள்பட்டை அழுதது, படகு சாய்ந்தது. செப்டம்பரில் முதலைகள் இன்னும் தூங்கப் போகவில்லை. தண்ணீரிலேயே அவள் சுற்றிச் சுற்றி வந்தால், அவற்றை விரட்ட நான் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் ஏணி எப்படிச் செய்வது என்று எழுது. வாங்கிக்கொள் என்று சொல்லாதே. அர்சின் வாங்கியதை நான் வாங்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா யூலாலி


ஸ்டாவாஞ்சர், நார்வே
5 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வால்சின் எழுதுவது. காது நலம், தொப்பி இருக்கிறது. உன் முழங்காலுக்கு இங்கே மீன் எண்ணெய் கிடைக்கும். அனுப்பட்டுமா?

ஏணியின் படம் தனித்தாளில் இருக்கிறது. நேராகத் தொங்கவிடாதே, சாய்வாக மாட்டு. வாயில் வாத்தோடு வருகிற நாய் தலையைத் தூக்கியிருக்கும், படியைப் பார்க்காது. பின்னங்காலால்தான் தேடும். அதனால் கடைசிப் படி தண்ணீருக்குள் ஓர் அடியாவது இறங்கியிருக்க வேண்டும். படிகள் அகலமாக இருக்கட்டும். பாதம் வழுக்காதபடி மேலே கம்பி வலைத் தகடு அடி. முதலில் தரையில் வைத்துப் பழக்கு. முக்கியமான எச்சரிக்கை ஒன்றைப் படத்தின் மூலையில் எழுதியிருக்கிறேன், கவனி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் இன்னும் கேட்டுக்குப் போய் உட்காருகிறாளா? ஆறு மாதம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருடமாகிவிட்டது. எனக்குத் தெரியாமல் இல்லை.

அர்சினுக்கு என் வணக்கம்.
வால்சின்


பையூ மெர்லான்
21 அக்டோபர் 1986

அன்புத் தம்பிக்கு,

மழையிலும் கொசுவிலும் தப்பிப் பிழைத்த அக்கா எழுதிக்கொள்வது. மீன் எண்ணெய் வேண்டாம்; இந்த ஊரில் பிறந்ததிலிருந்து மீனைத் தவிர வேறென்ன நாற்றத்தை முகர்ந்தேன்?

உன் உறை வந்ததும் பிராலின் அதை முகர்ந்தாள். முகர்ந்தாள், முகர்ந்தாள், முகர்ந்துகொண்டே இருந்தாள். நான் சோற்றுத் தட்டை வைத்துக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்புறம் படத்தின் ஒரு மூலையைத் தின்றுவிட்டாள். அந்த மூலையில்தான் நீ ஏதோ எழுதியிருந்தாய் போலிருக்கிறது. இப்போதெல்லாம் உன் கடிதங்களை ரொட்டி டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன். எறும்புத் தொல்லை.

ஏணி செய்தேன். கொட்டகையில் கிடந்த நல்ல சைப்ரஸ் பலகை, பித்தளை ஆணி, நாலு படி. படகில் மாட்டித் தண்ணீரில் இறக்கினேன். இறங்கவில்லை. கீழ் முனை மெதுவாக மேலே எழுந்து வந்து, கைகுலுக்க நீட்டிய மாதிரி நின்றது. மரம் மிதக்கும் என்பதை ஒரு படகுக்காரன் மகள் தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் கண்டுபிடித்தாள். எழுதி வைத்துக்கொள்.

சரி, தரைப் பழக்கத்துக்காவது ஆகட்டும் என்று முற்றத்தில் சாய்த்து, படிக்கு ஒரு துண்டு சாசேஜ் வைத்தேன். அவள் பக்கவாட்டில் வந்து நாலையும் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள். பிறகு செய்தது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்: நானே கைகால்களை ஊன்றி ஏறிக் காட்டினேன். மேல் படியில் இருக்கும்போது வாய்க்காலில் மோட்டார் சத்தம் நின்றது.

“யூலாலி,” என்றான் அர்சின், ரொம்ப மரியாதையாக, “சாசேஜ் கிடைச்சுதா?”

இப்போது ஊருக்கே தெரியும். இறால் கொட்டகையில் வேலைக்குப் போனால், பெண்கள் என்னைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி எப்படிப்பட்டவள் என்று நீ எழுதவே இல்லை.
அக்கா


ஸ்டாவாஞ்சர்
2 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். மூலையில் எழுதியிருந்தது: ‘மரம் வேண்டாம்.’

அலுமினியக் குழாயை வளைக்க அர்சினிடம் கேள். உனக்குப் பிடிக்காது, ஆனால் கருவி அவனிடம்தான் இருக்கிறது. அளவைத் தரையில் எடுக்காதே. படகைத் தண்ணீரில் இறக்கி, அது உட்காருகிற ஆழத்தைப் பார்த்து எடு.

எனக்கு விடுமுறை கிடைத்திருக்கிறது. ஜனவரி 2ஆம் தேதி வருகிறேன், சீசனின் கடைசி வாரம். ஒரு நாளாவது நானும் பிராலினும் மட்டும் படகில் போக வேண்டும். அவளைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம், நேரில் பேசலாம்.

ஐந்து மணியைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இந்த உறையில் என் படம் ஒன்று வைத்திருக்கிறேன். தொப்பியைக் கவனி.

வால்சின்


பையூ மெர்லான்
5 டிசம்பர் 1986

தம்பிக்கு,

நலம். ஆறு வாரமாக எழுதாததற்குக் காரணம் வேலை. இறால் சீசன், வாத்து சீசன், தோள்வலி சீசன், எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன.

வருகிறாய் என்பதில் சந்தோஷம். பிராலினுக்காக வருவதென்றால் சொல்லிவிடுகிறேன், அத்தனை தூரம் வீண். அவளுக்கு வயதாகிவிட்டது. காது சரியாகக் கேட்பதில்லை. வாயிலிருந்து ஒரு நாற்றம். விமானத்தில் ஏற்றினால் மற்றவர்கள் இறங்கிக்கொள்வார்கள். அவளை எங்காவது கொண்டுபோக வேண்டும் என்று யாராவது நினைத்தால் (நீ நினைக்கிறாய் என்று சொல்லவில்லை) அந்த இடுப்பு குளிர் தாங்காது. ஐந்து மணிக்கு அவள் எங்கே உட்காருகிறாள் என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

படம் கிடைத்தது. தொப்பி அழகு. உன் பூட்ஸுக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ தெரிகிறதே, துடைப்பமா? நார்வே துடைப்பங்கள் வாலை ஆட்டுமா? அந்த இடம் மட்டும் கலங்கியிருக்கிறது.

அக்கா

பி.கு.: இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அர்சின் வீட்டுக்குப் போய் குழாயை வளைத்தேன். அவன் பேசிய பேச்சுக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ சொன்னபடியே படகைத் தண்ணீரில் இறக்கி, பின்னால் மோட்டார் பக்கத்தில் என் இடத்தில் நானே உட்கார்ந்து, துடைப்பக் கட்டையால் ஆழம் பார்த்து அளந்தேன். கடைசிப் படி சரியாக ஓர் அடி கீழே. நவம்பர் 29ஆம் தேதி ஏழு வாத்து, ஏழு முறை ஏறினாள்! எட்டாவதாக அர்சின் சுட்ட வாத்தையும் கொண்டுவந்து என் படகில் ஏறினாள். வழக்கம் வழக்கம்தானே. அன்று இரவு அவனுக்கு ஒரு கிண்ணம் கம்போ அனுப்பினேன்.


ஸ்டாவாஞ்சர்
13 டிசம்பர் 1986

அக்கா,

காது கேட்காத நாய் எட்டு வாத்து கொண்டுவந்ததில் மகிழ்ச்சி.

துடைப்பத்தின் பெயர் தூவா. வீட்டுச் சொந்தக்காரி ரக்ன்ஹில்டின் நாய் போட்ட குட்டி. நான் கேட்கவில்லை, அவளாகத்தான் என் அறையில் விட்டாள். முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2ஆம் தேதி மதியம் வருகிறேன்.

வால்சின்


பையூ மெர்லான்
24 டிசம்பர் 1986

வால்சின்,

எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். நீ கிளம்புவதற்குள் இது வந்து சேராது. திரும்பிப் போய்ப் படித்துக்கொள். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். எனக்கு அழுகை பொருந்தாது, மூக்கு தக்காளியாகிவிடும்.

இன்னொரு நாயா? உனக்கு எப்படி மனசு வந்தது? இங்கே ஒருத்தி இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கேட்டில் உட்கார்ந்து சாலையையே பார்க்கிறாள். ஆமாம், உட்காருகிறாள்! கேட்டாயே, இதோ பதில். நான் இறால் கொட்டகையிலிருந்து கால் வலிக்க வலிக்க வரும்போது அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு உனக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்படி இருக்கும்? தட்டு வைப்பது நான். உண்ணி பிடுங்குவது நான். இடி இடித்தால் என் கட்டிலில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்பவள் அவள். ஐந்து மணியானால் மட்டும் உனக்கு! நீயோ அங்கே துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறாய்.

நீ அவளைக் கேட்டு வருகிறாய் என்று நவம்பரிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இப்போது நீ அவளை மறந்துவிட்டாய் என்று தூக்கமில்லை. எது வேண்டும் என்று கேட்காதே. இரண்டும் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. அந்தக் குட்டிக்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுங்கள்.

யூலாலி


ஸ்டாவாஞ்சர்
19 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். சேற்றில் விழுந்ததில் பிடித்த சளி இன்னும் விடவில்லை. உன் கிறிஸ்துமஸ் கடிதம் இங்கே கதவடியில் கிடந்தது. மூன்று முறை படித்தேன்.

நேரில் பேசலாம் என்று எழுதிவிட்டு, ஒன்பது நாள் அங்கே உட்கார்ந்து கம்போ மட்டும் சாப்பிட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் அவளைக் கூட்டிப்போகத்தான் வந்தேன். காகிதம் எல்லாம் சட்டைப் பையில் இருந்தது. இங்கே வெளிநாட்டு நாயை நோய் பரவாமலிருக்க நாலு மாதம் தனிக்கூண்டில் வைப்பார்கள். அதற்கும் இடம் சொல்லி வைத்திருந்தேன்.

நானும் அவளும் மட்டும் போன நாள் நினைவிருக்கும். நீ சளி என்று சொல்லிக் கரையில் நின்றாய். நான் ஒன்றைச் சுட்டேன், அவள் கவ்விக்கொண்டு வந்தாள். முன்னங்காலை ஏணியில் வைத்தாள். பின்னங்காலுக்குப் படி கிடைக்கவில்லை. கடைசிப் படி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்குகிறது! மூன்று முறை வழுக்கினாள். வாத்தை மட்டும் விடவில்லை. நீ கரையிலிருந்து, “பின்னாடி உட்காருடா! என் இடத்துல உட்காரு!” என்று கத்தினாய். நான் உன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அக்கா. பிடரியைப் பிடிக்கக் குனிந்தேன், படகு என்னைக் கொட்டிவிட்டது.

அர்சின் வந்து ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “வால்சின், அது உங்கக்கா உடம்புக்கு அளவெடுத்துத் தெச்சது. நீ உட்கார்ந்தா படகு எங்கே இறங்கும்?” என்றான். அவன் படகின் ஏணி அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கும் போகாமல், என்னையும் பார்க்காமல், கரை வரை நீந்தி வந்து வாத்தை உன் கையில் கொடுத்தாள். இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு உன்னைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் யார் மீதும் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

மறுநாள் அர்சின் பட்டறையில் ஏணிக்கு இரண்டு படி சேர்த்தேன். யார் உட்கார்ந்தாலும் இனி அவள் ஏறலாம்.

இன்னொன்று. ஐந்து மணிக்கு அவள் கேட்டுக்குப் போனாள். அப்போது நான் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன், என் காலைத் தாண்டித்தான் போனாள். நீ கொட்டகையிலிருந்து வரும் நேரம் ஐந்தே கால். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லை. அன்றைக்கு அவள் அடுப்படியை விட்டு எழவே இல்லை. இரண்டு வருடமாக அவள் யாருக்காக உட்காருகிறாள் என்று நீ ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்கவில்லையா?

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். நான் கிளம்பும்போது, “இரு, வழிக்குக் காபி போட்டுத் தர்றேன்” என்று நீ உள்ளே போனாய். பையை வைக்கக் கார்க் கதவைத் திறந்தேன். அவள் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள், நான் முந்தாநாள்தான் ஊரை விட்டுப் போன மாதிரி. கதவைச் சாத்தினேன். நானும் ஏறி உட்கார்ந்து சாவியையும் திருப்பிவிட்டேன். நீ வருவாய் என்று பார்த்தேன், வெகுநேரம் வரவில்லை. பிறகு அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, “இறங்கு” என்றேன். இறங்கவில்லை. மூன்றாவது முறை சொன்னபோதுதான் இறங்கினாள். நீ வந்து ஆறிப்போன காபியைக் கொடுத்தாய். அதைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

கூண்டுக்குச் சொல்லி வைத்ததை ரத்து செய்துவிட்டேன். அவள் உன் நாய்.

வால்சின்


பையூ மெர்லான்
1 பிப்ரவரி 1987

அன்புத் தம்பிக்கு,

அக்கா சுகம். முழங்கால் வழக்கம்போல். சளிக்கு வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடி; ரக்ன்ஹில்டைப் போட்டுத் தரச் சொல். (கல்யாணமானவளா? இதையும் நேரில்தான் சொல்வாயா?)

நீ போன பிறகு இரண்டு நாள் அவள் தட்டைத் தொடவில்லை. கார் போன பக்கம் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன், நீ சேர்த்த இரண்டு படியையும் அறுத்துவிடுவதற்கு. யார் உட்கார்ந்தாலும் ஏறலாமாம்! யாரைக் கேட்டு? அர்சின் அங்கே வலை காய வைத்துக்கொண்டிருந்தான்.

“எதுக்கு ரம்பம்?” என்றான்.

“ஏணி நீளமாயிடுச்சு.”

“ஏணியை வெட்டாதே. நீ இன்னும் கொஞ்சம் சாப்பிடு, தன்னால சரியாயிடும்.”

சிரித்துவிட்டேன். சிரித்தபின் அறுக்க முடியுமா? ஏணி அப்படியே இருக்கிறது. அவன் படகிலிருந்த ஏணியைக் கழற்றிவிட்டான். துரு என்கிறான். அலுமினியத்துக்கு ஏது துரு?

ஐந்து மணி விஷயத்தை நம்பவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை முதலாளியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லி மூன்று மணிக்கே வந்து, தபால்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். தபால்பெட்டி என்னை மறைக்கிற அளவில்லை, தெரியும். ஐந்துக்கு வந்தாள். என் பக்கம் திரும்பாமல் சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் வருகிற பக்கத்துச் சாலை. பத்து நிமிடம் அவள் எனக்காகக் காத்திருப்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பிறகு முழங்கால் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன். அவள் குரைத்ததில் அர்சின் துப்பாக்கியோடு ஓடிவந்தான். அந்தக் கதை இன்னொரு நாள்.

இப்போது கார் விஷயம். காபி ஏன் ஆறியிருந்தது என்று நீ யோசிக்கவே இல்லையா? போட்டு முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலில் நின்றேன். அவள் ஏறியதைப் பார்த்தேன். நீ கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். நான் வெளியே வந்திருந்தால் நீ அவளைக் கூட்டிப்போயிருக்க மாட்டாய், அதனால்தான் வரவில்லை. போவதென்றால் போகட்டும் என்று நின்றேனா, போகிறாளா பார்க்கலாம் என்று நின்றேனா என்று பாதிரியார் கேட்டால், சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

ஆனால் ஒன்று. மூன்றாவது முறை சொன்னபோது இறங்கினாள் என்று எழுதியிருக்கிறாய். உன் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், வால்சின். நீ இரண்டு முறைதான் சொன்னாய். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் உன் முகத்தை நக்கினாள், பிறகு தானாக இறங்கினாள்.

வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறேன். இதை மாட்டேன். அடுத்த கடிதத்தில் ‘இரண்டு’ என்று திருத்தி எழுது.

தூவாவுக்கு அன்பு. காதைக் குளிரில் காட்டாதே.

அக்கா யூலாலி